ஒண்ணுமில்லீங்க

ஜூன் 14

பற்பசைக் கம்பெனி ஆள் கொடுத்துவிட்டுப் போன டைரி ஆறு மாதமாக அலமாரியில் கிடந்தது. எங்கள் கிளினிக் டாக்டர் ஜீவானந்தம் இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் எதையாவது எழுதலாம் என்று எடுத்திருக்கிறேன்.

என் வேலையின் பெயரை என் வீட்டுக்காரராலேயே ஒழுங்காகச் சொல்ல முடியாது. டென்டல் ஹைஜீனிஸ்ட். மாமியார் சுருக்கமாக, "கோகிலா பல் ஆஸ்பத்திரியில இருக்கறா" என்பார், ஏதோ என்னையே அங்கே அட்மிட் செய்துவிட்ட மாதிரி. பல் டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை. டிப்ளமோ படித்தேன். இந்தக் கோபி டவுனில் ஊரார் பல்லில் படிந்த காரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு வருடமாகச் சுரண்டியும் என்ன சாதித்தாய் என்று கேட்டால் பதில் கிடையாது. சுரண்டின இடத்தில் அடுத்த வருடம் மறுபடி காரை இருக்கும்.

நாள் முழுக்க நான் சொல்வது ஒரே வார்த்தை. மிஷின் சத்தத்துக்குப் பயந்தால் "ஒண்ணுமில்லீங்க". துப்பும்போது ரத்தத்தைப் பார்த்து மிரண்டால் "ஒண்ணுமில்லீங்க". என் மகள் தன்யா வீட்டில் பொம்மைக்குப் பல் விளக்கும்போதுகூட "ஒண்ணுமில்லீங்க, ஆ காட்டுங்க" என்கிறாள். மூன்றாவது படிக்கிறாள், அதற்குள் என் வேலையைக் கற்றுக்கொண்டாள்.

இன்று மதியம் அவளுடைய ஸ்கூல் வேன் ஓட்டும் சென்னியப்பண்ணன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தெருமுனையில் ஹாரனே அடிக்க மாட்டார். பிள்ளைகளைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார். "தன்யா கலெக்டரூ! தீபக்கு தொரே!" என்று அவர் போடும் சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். என்னை "டாக்டரம்மா" என்பார். எப்போதோ வெள்ளைக் கோட்டோடு பார்த்துவிட்டார், அதிலிருந்து அப்படித்தான். மற்ற அம்மாக்கள் சுற்றி நிற்கும்போது திருத்துவதற்கு ஒரு மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

பாக்கும் போயிலையும் போடுகிற வாய். காரை கல்லாட்டம் இருந்தது. பின்பல்லைப் பார்க்க நாக்கை ஒதுக்கினேன். இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் சிவந்திருந்தது.

"அது என்னங் டாக்டரம்மா? கொஞ்ச நாளா உரசிட்டே இருக்குது."

"ஒண்ணுமில்லீங்ணா, நல்லாத் திறங்க" என்றேன்.

டாக்டர் அப்போது இல்லை. முடித்ததும் கண்ணாடியில் பல்லைப் பார்த்துவிட்டு, "என்ர பல்லுதானுங்களா இது?" என்று சிரித்தார். மீதியை எழுத டைரியை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்; வரும் வழியில் உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17

காலையில் வேன் வந்தது. சென்னியப்பண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தீபக்கின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம டாக்டரம்மாகிட்டதானுங் போனேன். கை பட்டதே தெரியலீங். நாக்குல ஒரு புண்ணு, அதையும் பார்த்துப்போட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. மனசே நெறஞ்சுபோச்சு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தன்யாவின் ரிப்பனைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 25

கூர்மையான பல் இடித்தாலும் நாக்கில் அப்படி வெள்ளையாக வரும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. பாக்கு, போயிலை போடுகிறவர்கள் எல்லோரும் வரலாம் என்று ஆட்டோவில் கூவிக்கொண்டு போனார்கள். காய்கறி வாங்கப் போன நான் மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பார்த்தேன். சென்னியப்பண்ணன் இல்லை.

மார்க்கெட்டில் அவரே எதிரில் வந்தார். "முகாமுக்குப் போகலீங்களாண்ணா?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான்.

"என்ர ஊட்டுக்காரியும் போ போன்னு உசிரை வாங்கினா. டாக்டரம்மாவே பார்த்தாச்சு, அப்பறம் அங்க எதுக்குடீன்னு சொல்லிப்போட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். மண்டபம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. "போய்ட்டு வாங்கண்ணா" என்று ஒரு வார்த்தை. நான் தக்காளி விலை பற்றி ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் கத்தரிக்காய் மட்டும் இருக்கிறது. தக்காளியே வாங்கவில்லை.

ஜூலை 19

தன்யா சொன்னாள்: "வேன் மாமா இப்பல்லாம் வெறும் தயிர் சோறுதாம்மா. காரம் பட்டா நாக்கு எரியுதாமா. தீபக் லேஸ் சிப்ஸ் குடுத்தான், வேண்டாம்னுட்டாரு."

"சாப்பிடும்போது பேசாதே" என்று அவளைத் திட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 21

இன்று வேனருகே போய், "அண்ணா, ஒரு தடவை கிளினிக்குக்கு வந்துட்டுப் போங்க" என்றேன்.

"எதுக்குங்? போன மாசம்தான வந்தேன்?"

மற்ற அம்மாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "இந்த மாசம் டிரைவர்களுக்கெல்லாம் இலவசமா கிளீனிங் பண்றோம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். டாக்டருக்கு இது தெரிந்தால் என் கதை முடிந்தது. ஆனாலும் எப்படியாவது அந்த நாற்காலியில் அவரை மறுபடி உட்கார வைத்துவிட்டால், ஏதோ இப்போதுதான் கண்ணில் பட்ட மாதிரி டாக்டரைக் கூப்பிட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 24

அவர் வரவில்லை. அவருக்குப் பதில் அவர் மச்சினர் வந்தார், கூடவே இரண்டு டெம்போ டிரைவர்கள். "மாமா சொல்லிச்சுங். எனக்குப் பல்லு பளபளன்னு இருக்குது, சும்மா கெடைக்கறதை நாமளே ரெண்டு தடவை எடுக்கப்படாது, இல்லாதவன் போகட்டும்னு அனுப்பி வெச்சுதுங்."

மூன்று பேருக்கும் சுத்தம் செய்தேன். மூன்று பேர் நாக்கையும் தூக்கிப் பார்த்தேன். ஒருவர் நாக்கிலும் ஒன்றும் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொந்தக்காரர்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். "உனக்கு இத்தனை சொந்தமா?" என்றார்.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்குக்குச் செய்த சர்க்கரைப் பொங்கலை டாக்டருக்கு எடுத்துப் போனேன். நல்ல மூடில் இருந்தார். "சார், தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு நாக்கு ஓரத்துல வெள்ளையா, நடுவுல செவப்பா..." என்று ஆரம்பித்தேன். ஸ்பூனை அப்படியே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"தெரியல சார்."

"பாக்கு போடுவாரா? வரச் சொல்லு. ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இது உனக்கே தெரியுமே?"

தெரியும். டிப்ளமோவில் இதற்குப் பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

முதல் நாள் எழுதியதை இப்போது புரட்டிப் பார்த்தேன். "டாக்டர் அப்போது இல்லை" என்று எழுதியிருக்கிறேன். பாதிதான் உண்மை. சென்னியப்பண்ணன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோதே டாக்டரின் பைக் வந்து நின்றது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். ஆனால் கூப்பிட்டால் என்ன நடக்கும்? "சார், கொஞ்சம் பாருங்க" என்று நான் கைகட்டி நிற்பேன். அவர், "நீ நகரு கோகிலா" என்பார். சென்னியப்பண்ணனுக்கு நான் யார் என்று தெரிந்துவிடும். மறுநாள் தெருமுனைக்கும் தெரிந்துவிடும். அதனால், "பின்பக்க வழியாப் போங்கண்ணா, வேனுக்கு அதுதான் பக்கம்" என்று சொல்லி அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஆகஸ்ட் 12

இன்றும் சொல்லவில்லை. இன்று காலை அவர் பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கையை மட்டும் ஆட்டினார்.

ஆகஸ்ட் 21

சென்னியப்பண்ணனின் மனைவி மாராத்தாளக்கா கிளினிக்குக்கு வந்தார். கை நிறைய முருங்கைக்காய்.

"நம்ம மரத்துக் காயிங் டாக்டரம்மா. நீங்க சொன்னதுக்கப்பறந்தான் அந்த மனுசன் தூங்கறாரு. அதுக்கு முன்னால ராவெல்லாம் கண்ணாடியில நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துட்டே இருப்பாரு."

காயை வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. அக்காவே மேஜைமேல் வைத்தார்.

"இப்ப என்னன்னா, தாடைக்குக் கீழ ஒரு கட்டியாட்டம் இருக்குதுங். வலியில்லீங்கறாரு. பல்லு சுத்தம் பண்ணினா நெறி கட்டுமுங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளிகள் உட்காரும் நாற்காலி.

"அக்கா, நான் டாக்டர் இல்லீங்க."

"ஏனுங் கண்ணு?"

"நான் டாக்டரே இல்லீங்க்கா. பல்லுக் காரை எடுக்கறவ. அன்னைக்கு நாக்குல இருந்ததைப் பார்த்தேன். அது என்னன்னு சொல்ற படிப்பு எனக்கு இல்ல. டாக்டர்கிட்டக் காட்டியிருக்கணும். காட்டல. ஒண்ணுமில்லைன்னது சும்மா வாய் வார்த்தைங்க்கா, எல்லாருக்கும் சொல்றதுதான்."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவரை யாருமே பார்க்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 22

காலையில் வேன் வந்ததும், தன்யாவை ஏற்றிவிட்டு டிரைவர் ஜன்னலருகே போனேன். ராத்திரி அக்கா போன் செய்திருந்தார், வீட்டில் சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். அதனால் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணா, நான் டாக்டர் இல்ல. பல் சுத்தம் பண்ற வேலை. உங்க நாக்குல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்க இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டணும்."

அவர் தீபக்கின் அம்மாவைப் பார்த்து, "பார்த்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்!" என்றார். சிரிக்கும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வேன் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "பிள்ளைங்களை இறக்கிட்டு நேரா கிளினிக்குக்குப் போங்க. நான் இறங்க மாட்டேன்." பிள்ளைகள் ஒரே கூத்தாகக் கை தட்டினார்கள். தன்யா மட்டும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டுக் கிளினிக்குக்கு ஓட்டினார். வேனை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே கதவைத் திறந்தார்.

டாக்டர் பார்த்தார். நாக்கை, பிறகு கழுத்தை. முகத்தில் எதையும் காட்டவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். சென்னியப்பண்ணன் வெளியே போனதும் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"நீ சொன்ன தெரிஞ்சவங்க இவர்தானா?"

"ஆமா சார்."

"எப்பப் பார்த்தே?"

"ஜூன்ல."

அவர் கத்துவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். கத்தவில்லை. "ஒண்ணுமில்லைங்கற வார்த்தையைச் சொல்றதுக்கு நான் அஞ்சு வருஷம் படிச்சேன் கோகிலா. அப்பவும் சொல்லப் பயப்படுவேன்" என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க வேலை சம்பந்தமாக மட்டும் பேசினார்.

செப்டம்பர் 3

ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுதான். கழுத்தில் கட்டியிருந்த நெறிக்கும் பரவியிருக்கிறது.

செப்டம்பர் 9

புது டிரைவர். ஹாரன் அடிக்கிறார்.

செப்டம்பர் 20

ஆபரேஷன் முடிந்தது. நாக்கில் இடது பக்கம் பாதியை எடுத்துவிட்டார்களாம், கழுத்தையும் திறந்தார்களாம். வீட்டுக்காரரோடு கோயம்புத்தூர் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். தூங்கிக்கொண்டிருந்தார். மாராத்தாளக்கா எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். எப்படித்தான் குடித்தேனோ.

திரும்பி வந்து டாக்டரிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஜூன்லயே வந்திருந்தா சார்?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க சார்."

"ஓரத்துல கொஞ்சம் எடுத்திருப்பாங்க. கழுத்தைத் தொட வேண்டியிருக்காதுன்னுதான் நினைக்கறேன்."

வீட்டுக்காரர், "அவர் போயிலை போட்டதுக்கு நீ என்ன பண்ணுவே? பார்க்காமலே இருந்திருந்தா?" என்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் நான் பார்த்தேனே.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சத்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட ஆள் கேட்கிறார்கள். துணிக்கு நாக்கு கிடையாது.

அக்டோபர் 6

கரண்ட் வைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆரம்பிக்கும் முன் வாயில் காரை, சொத்தை எதுவும் இருக்கக்கூடாது, பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அழுக்கு இருந்தால் கரண்ட் வைத்த பிறகு தாடை எலும்பே அரித்துப்போகுமாம். நானும் படித்ததுதான். ஆனால் ஒருவருக்கு என் வேலை முடிந்தால்தான் அடுத்த வேலை நடக்கும் என்று இருந்தது இதுவே முதல் தடவை.

கோயம்புத்தூரிலேயே செய்துகொள்வார் என்று நினைத்தேன். இன்று மதியம் சென்னியப்பண்ணன் இங்கே வந்து நின்றார். உடம்பு பாதியாகிவிட்டது, சட்டை தொங்குகிறது. கழுத்தில் தையல் போட்ட தடம். மாராத்தாளக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டாக்டருக்குப் போன் செய்தேன். சோற்றுக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "நீயே பண்ணு, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

வாய் முன்னைப் போல் திறக்கவில்லை. மிஷின் தண்ணீரை அவரால் அடக்க முடியவில்லை, புரை ஏறியது. மிஷினை வைத்துவிட்டுக் கைக்கருவியால் ஒவ்வொரு பல்லாக எடுத்தேன். பாதி நாக்கு, கருவி படும்போதெல்லாம் பழைய பழக்கத்தில் இடது பக்கம் நகரப் பார்த்தது. அங்கே நகர எதுவுமில்லை. என் கண்ணாடி மங்கிவிட்டது. டாக்டர் ஒரு பஞ்சை நீட்டினார்.

முடிந்ததும் டாக்டர் கை கழுவப் போனார். நான் சென்னியப்பண்ணன் காலடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை இப்போது சொல்ல வேண்டும்.

"அண்ணா, அன்னைக்கே நான்..."

அவர் கையைத் தூக்கித் தடுத்தார். பேச்சு குழறுகிறது. ர, ல எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையாக, நான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க டாக்டர் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தேங். வாசல்ல போர்டு இருக்குதில்லீங்? ஒரு பேருதான போட்டிருக்குது?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கப்பனுக்கும் இதே நோவுதானுங். நாக்குல வெள்ளையப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்டப் போனாச் சொல்லிப்போடுவாரு. அதான் அவரு சோத்துக்குப் போற நேரமாப் பார்த்து வந்தேன். நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லோணும்னுதானுங் வந்தேன். நீங்களும் சொல்லிப்போட்டீங்க."

கன்னத்தில் வழிந்த எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்காரி கேட்டா, டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லிக்கலாமில்லீங்? அதுக்குத்தான் உங்களை அப்படிக் கூப்பிட்டேன். என்ர பயத்துக்கு உங்க தலையை உருட்டிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். பாதி நாக்கோடு. "அப்படிச் சொல்லாதீங்கண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வெளியிலிருந்து மாராத்தாளக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி பெஞ்சுக்கே போய்விட்டார்.

அக்டோபர் 9

அவர் அப்படிச் சொன்னதால் என் தப்பு போய்விடவில்லை. இன்னும் கூடியிருக்கிறது. பயந்த மனிதர் ஒருவர் தன் பயத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் என் பெருமையை எடுத்துக்கொண்டு எதிரில் நின்றேன். இருவருக்கும் அந்த ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது.

மூன்று நாளாக ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு வருடத்தில் இந்த மதிய நேரத்தில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! டாக்டர் இருக்கும்போது வந்தால் என்ன என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. நேரம் தெரியாமல் வருகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நேரம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். டாக்டர் நாற்காலியில் உட்காரத் துணிச்சல் இல்லாதவர்கள் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். அப்படியென்றால் முதலில் பார்க்கிற கண் என்னுடையது. காரை எடுப்பது ஒரு சாக்கு. ஜவுளிக் கடைக்கு வரவில்லை என்று போன் செய்து சொல்லிவிட்டேன்.

மணி மூன்று ஆகப் போகிறது. வாசலில் ஒரு அம்மா வந்து நிற்கிறார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லீங்களா?" என்று கேட்கிறார். "இல்லீங்க" என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. வாயை முந்தானையால் மூடியிருக்கிறார். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு விளக்கைப் போட வேண்டும்.